மலம் பார்ப்பவரிடம் சில கேள்விகள்

உணவிலும் தண்ணீரிலும் வரும் ஒட்டுண்ணிகளை ஆராய்வது என் வேலை. இருபது வருடம் ஓடிவிட்டது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

அக்கா, லேபில் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்?

மலம் பார்ப்பேன். டப்பாவைத் திறந்து பட்டாணி அளவு எடுத்து, ஃபார்மலினில் கரைத்து, வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் தங்கும் வண்டலை ஸ்லைடில் வைத்துப் பார்ப்பது. வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணியைத் தேட வேண்டுமானால் சாயம் ஏற்றுவோம். நீலப் பின்னணியில் இளஞ்சிவப்பு உருண்டைகள் தெரியும். குறுக்களவு 4 முதல் 6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்க வேண்டும். 8 முதல் 10 என்றால் அது சைக்ளோஸ்போரா, வேறு ஆள், வேறு மருந்து.

சேர்ந்த புதிதில் நாடாப்புழு முட்டை கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். என் வழிகாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பூத்திருந்த மரத்தைக் கையால் காட்டினார். மகரந்தத் தூள்!

முட்டைக்கோஸில் உள்ள புழு மூளைக்குப் போகுமாமே? நாங்கள் சுத்த சைவம், அதை வாங்குவதையே விட்டுவிட்டோம்.

பாவம் முட்டைக்கோஸ். பன்றி நாடாப்புழுவுக்கு இரண்டு வழி உண்டு. அரைகுறையாக வெந்த பன்றிக்கறியில் அதன் லார்வா, அதாவது இளம்புழு, அடங்கிய நீர்க்கட்டி இருந்தால், சாப்பிட்டவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் முட்டைகள் வெளியே வரும். அந்த முட்டை யார் வாயில் போனாலும் லார்வா குடலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, மூளையில் கட்டியாக உட்காரலாம். வலிப்பு வருவது அதனால்தான். ஆக, மூளைக்குப் போவது கறியில் இருக்கும் கட்டியல்ல, மனித மலத்திலிருந்து வரும் முட்டை. சைவம் என்பதால் தப்பிக்க முடியாது.

நியூயார்க்கில் பன்றிக்கறியைத் தொடாத யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு இந்த நோய் வந்த செய்தி 1992ல் வெளியானது. வீட்டு வேலை செய்தவர்களைச் சோதித்ததில் ஒருவர் குடலில் நாடாப்புழுத் தொற்று இருந்தது. அவர்மேல் பழி போட எனக்கு மனமில்லை. அவருக்கே அது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

கோஸ் இலையில் மலம் கலந்த மண்ணோ தண்ணீரோ பட்டிருந்தால் முட்டை ஒட்டியிருக்கலாம், அவ்வளவுதான். வெந்தால் அது செத்துவிடும். பொரியலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பச்சையாக நறுக்கிப் போடும்போதுதான் இலை இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும்.

குளோரின் கலந்த தண்ணீர் போதாதா, மேடம்?

பாக்டீரியாவுக்குப் போதும். கிரிப்டோஸ்போரிடியம் அதைச் சட்டை செய்யாது. 1993ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீரிலேயே வந்து, சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும், செத்துவிடும்.

சுஷி சாப்பிடலாமா?

முறைப்படி உறையவைத்த மீன் என்றால் சாப்பிடலாம். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைத்தால், பச்சை மீனிலிருந்து வரும் அனிசாகிஸ் புழு பிழைக்காது. நம் மீன் குழம்பில் அந்தக் கவலையே இல்லை.

இந்தத் துறையில் நீங்கள் வியக்கும் ஆள் யார்?

பெரு நாட்டின் யினெஸ் ஓர்டேகா. மலத்தில் தெரிந்த ஒருவகை உருண்டையைப் பாசி என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவரும் கூட்டாளிகளும் அதை ஒன்றிரண்டு வாரம் அப்படியே விட்டு வைத்தார்கள். உள்ளே இரண்டு பைகள், பைக்கு இரண்டு உயிரிகள் உருவாயின. ஒட்டுண்ணிதான் என்று 1993ல் எழுதினார்கள். லிமாவின் கயெட்டானோ ஹெரேடியா பல்கலைக்கழகத்தின் பெயரால் அது சைக்ளோஸ்போரா கயெட்டானென்சிஸ் ஆனது.

அந்தக் காத்திருப்பு வீண் போகவில்லை. 1996ல் குவாத்தமாலா ராஸ்பெர்ரியால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,465 பேருக்கு இந்த ஒட்டுண்ணியின் நோய் வந்தது. புதிதாக வெளியேறிய உருண்டை தொற்றாது, முதிர நாள் ஆகும். அதனால் பரிமாறியவர் கையைச் சந்தேகிப்பதைவிட, பழம் விளைந்த இடத்தையும் அங்கே தெளித்த தண்ணீரையும் தேடுவதுதான் சரி. நாடாப்புழு முட்டை அப்படியல்ல, வெளியே வரும்போதே தயாராக இருக்கும்.

பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறேன். வரலாமா?

வா தம்பி. மருத்துவம், கால்நடை மருத்துவம், மைக்ரோபயாலஜி மூன்றிலிருந்தும் வருகிறார்கள். டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கிருமியைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனையை எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள். மைக்ராஸ்கோப் முன் மூன்று மணி நேரம் பொறுமையாக உட்காரத்தான் ஆள் இல்லை. முதல் மாதம் சோறு இறங்காது. அப்புறம் டப்பா வருவதற்குள் டிபனை முடித்துவிடப் பழகிவிடுவாய்.