தண்ணீரில் இறுகும் நைலான் புஷ், ட்ரில் போட்டால் வெடிக்கும் ராட்: பிளாஸ்டிக் கடைசல் கேள்வி-பதில்

வெளிவிட்டம் 60, துளை 50 மி.மீ. காஸ்ட் நைலான் புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் வளையம்) செய்து கொடுத்தோம். எங்களிடம் அளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பாட்டில் கழுவும் லைனில் மாட்டி ஒரு மாதத்தில் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டது. துளை சின்னதாகக் கடைந்துவிட்டோம் என்கிறார்கள்.

கடைந்ததில் தப்பில்லை. நைலான் தண்ணீர் குடித்திருக்கிறது. காஸ்ட் நைலான் சாதாரண காற்றில் கிடந்தாலே எடையில் 2 முதல் 2.5 சதவீதம் ஈரம் இழுக்கும். தண்ணீரில் ஊறினால் 6.5 சதவீதம் வரை போகும். ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் அளவு சுமார் 0.2 முதல் 0.3 சதவீதம் கூடும்.

மேசைமேல் வைத்து ஊறவைத்தால் புஷ் வெளியேயும் உள்ளேயும் சேர்ந்து பெரிதாகும், துளையும் பெரிதாகும். அதனால்தான் வாளித் தண்ணீரில் போட்டு அளந்து பார்த்தவர்கள் "துளை சுருங்கவில்லையே" என்று குழம்புவார்கள். ஹவுசிங்குக்குள் (புஷ் உட்காரும் கூட்டுக்குள்) அடித்த பிறகு கதை வேறு. வெளிவிட்டம் நகர இடமில்லை, வளர்ச்சி முழுவதும் உள்பக்கம் வருகிறது. உங்கள் புஷ் முழுக்க ஊறினால் இதனால் மட்டும் துளை 0.2 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். புஷ்ஷை இறுக்கி அடிக்க வைத்த இன்டர்ஃபெரன்ஸும் மெல்லிய சுவரில் ஏறக்குறைய அப்படியே துளையில் இறங்கும். வெளியே 0.25 இறுக்கம் வைத்தால் உள்ளே 0.25 போய்விட்டது என்றே கணக்கு வையுங்கள்.

வெண்கல புஷ்ஷுக்குப் போட்ட கிளியரன்ஸை (ஷாஃப்ட்டுக்கும் துளைக்கும் நடுவே விடும் இடைவெளியை) நைலானுக்கும் எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமான பிசகு. நைலானுக்கு, அடித்து முடித்த பிறகு, ஷாஃப்ட் விட்டத்தில் 0.4 முதல் 0.5 சதவீதம் வேண்டும். 50 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 0.2 முதல் 0.25. ஈரத்துக்கான கணக்கு அதற்கு மேல் தனி. அவ்வளவு ஆட்டம் ஆகாது என்றால் பொருளை மாற்றுங்கள். அசிட்டால் (கடையில் டெல்ரின் என்பார்கள்) கோபாலிமர் வகை முழுக்க ஊறினாலும் 0.8 சதவீதம்தான் இழுக்கும். பெட் (PET) பிளாஸ்டிக் ராட் இன்னும் குறைவு, 0.5 சதவீதம், ஆனால் 60, 70 டிகிரிக்கு மேல் வெந்நீரில் நாளடைவில் அது சிதையும். கழுவும் லைன் என்றால் சூடும் இருக்கும், எனவே என் தேர்வு அசிட்டால் கோபாலிமர். ஒரு விஷயத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே அமிலம் போட்டுக் கழுவுகிறார்களா? நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் இரண்டும் அசிட்டாலைத் தின்றுவிடும்.

கடையில் டெல்ரின் என்று வாங்கிய வெள்ளை ராட் உண்மையில் டெல்ரின்தானா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு துண்டு வெட்டி, பிசிறு எல்லாம் நீக்கி, தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். மூழ்கினால் அடுத்து உப்புத் தண்ணீர்: ஒரு டம்ளர் தண்ணீரில், அடியில் உப்பு கரையாமல் நிற்கும் வரை போட்டுக் கலக்குங்கள். அந்தக் கரைசலின் அடர்த்தி 1.2-ஐ ஒட்டி வரும். நைலான் 1.15, மிதக்கும். அசிட்டால் 1.41, கல் மாதிரி அடியில் போகும். துண்டில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தப்பாகக் காட்டும். ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் சரியாகும்.

உப்பிலும் மூழ்கினால் பிவிசி, டெஃப்லான், பெட் எல்லாம் பாக்கி இருக்கின்றன. டெஃப்லானைக் கையில் எடுத்தாலே தெரியும், 2.2 அடர்த்தி, நகம் பதியும். பிவிசிக்குச் செம்புக் கம்பி: கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பொருளில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால் பச்சைச் சுடர் வரும். அசிட்டால் என்றால் சின்னத் துணுக்கைக் கொளுத்தினால் போதும்: நீலச் சுடர், வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, மூக்கைத் துளைக்கும் ஃபார்மலின் நெடி. முகர்ந்து பார்க்கக் குனியாதீர்கள், கையால் விசிறினால் போதும்.

ஒன்று கூடுதலாக. டெல்ரின் என்ற பெயரில் கிடைப்பது ஹோமோபாலிமராகவும் இருக்கலாம், கோபாலிமராகவும் இருக்கலாம்; இரண்டும் அசிட்டாலின் வகைகள்தான். ஹோமோபாலிமர் ராடின் நடு மையத்தில் பொடித் துளைகள் இருப்பது சகஜம். ராட் முனையை லேத்தில் சீவித் தட்டையாக்கினால் நடுவில் வெளுத்த புள்ளியாகத் தெரியும். நடுவில் எப்படியும் துளை வரும் புஷ்ஷுக்கு அது பொருட்டில்லை. காற்று வால்வு பிளாக், உணவு இயந்திர பாகம் என்றால் அதன் வழியே கசியும், அழுக்கு தங்கும். அங்கே கோபாலிமர் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

100 மி.மீ. நைலான் ராடில் 40 மி.மீ. துளை. ட்ரில் பாதி போனதும் பட்டென்று வெடிக்கிறது. ராட் பழையதா?

ராடைக் குறை சொல்வதற்கு முன் ட்ரில்லைப் பாருங்கள். எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் நூறில் ஒரு பங்குகூட நைலான் கடத்தாது. ட்ரில் கிளப்பும் சூடு நடுவிலேயே நிற்கும். நடு விரியும், வெளிவட்டம் குளிர்ந்தே இருக்கும், இழுபடும். பெரிய ராடில் தயாரிப்பின்போதே உறைந்த உள்ளழுத்தம் வேறு இருக்கிறது. இரண்டும் சேர்ந்த இடத்தில் வெடிப்பு. சில சமயம் ட்ரில் போடும்போது ஒன்றும் ஆகாது, ராத்திரி அலமாரியில் இருக்கும்போது வெடிக்கும்.

எஃகில் ஓடித் தேய்ந்த ட்ரில் வேண்டாம். பிளாஸ்டிக்குக்கென்று ஒரு செட்டைத் தனி டப்பாவில் வையுங்கள். மொட்டை ட்ரில் வெட்டாது, தேய்க்கும், சூடாக்கும். 10, 20, 30, 40 என்று படிப்படியாக ட்ரில் மாற்றிப் பெரிதாக்குவதும் எஃகுப் பழக்கம்தான். இதில் ஒவ்வொரு படியும் இன்னொரு சூடு, ஓரம் கடித்து உள்ளே இழுக்கவும் செய்யும். ஒரே ஒரு பைலட் துளை, போரிங் பார் நுழையும் அளவுக்கு. மீதியைப் போரிங் பாரால் எடுங்கள். பைலட் போடும்போது ட்ரில் விட்டம் அளவு இறங்கியதும் முழுக்க வெளியே எடுத்து சீவலை உதறுங்கள். வெளியே வரும் சீவல் சுருண்டு வெள்ளையாக இருக்கவேண்டும். ஒட்டிக்கொண்டு கண்ணாடி மாதிரி பளபளத்தால் உருகுகிறது என்று அர்த்தம். அப்போது எல்லோரும் ஃபீடை (ட்ரில் உள்ளே முன்னேறும் வேகத்தை) குறைப்பார்கள். தவறு, குறைத்தால் தேய்ப்புதான் கூடும். ஆர்பிஎம்மைக் குறையுங்கள், ஃபீடை அப்படியே வையுங்கள். நைலானுக்கு சாதாரண கூலன்ட் தாராளமாக விடலாம்.

கண்ணாடி இழை கலந்த பிஏ66 (நைலானில் ஒரு வகை) என்றால் இவ்வளவும் செய்தும் வெடிக்கலாம். அதை ஓவனில் 120 டிகிரிக்குச் சூடேற்றி, சூடாக இருக்கும்போதே ட்ரில் போடுவது நடைமுறை. தோல் மட்டும் சுட்டால் போதாது, நடுவரை சூடு போகவேண்டும்; 100 மி.மீ. ராடுக்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

அசிட்டால் பிளேட், 200 நீளம், ±0.1. எங்கள் மைக்ரோமீட்டரில் சரி, வாடிக்கையாளர் 0.35 குறைவு என்று ரிஜெக்ட் செய்தார்.

நீங்கள் வெயில் நேரத்தில் 36 டிகிரி ஷெட்டில் அளந்திருப்பீர்கள், அவர் 20 டிகிரி ஏசி அறையில். அசிட்டாலின் விரிவு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 0.11 மி.மீ. 0.2 மீட்டர் × 16 டிகிரி × 0.11 என்று பெருக்கினால் 0.35. எஃகாக இருந்திருந்தால் 0.04கூட வந்திருக்காது. டிராயிங்கில் எந்த வெப்பநிலையில் அளப்பது என்று எழுதி வாங்குங்கள், ஏசி அறையில் ஓரிரவு வைத்துவிட்டு அளங்கள். கையில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாலே சூடு ஏறும்.

மைக்ரோமீட்டரின் அழுத்தமும் கவனிக்க வேண்டியதுதான். ராட்செட் 5 முதல் 10 நியூட்டன் கொடுக்கும். அசிட்டாலுக்குப் பரவாயில்லை, டெஃப்லான் மெல்லிய வளையத்துக்கு அதிகம்.

பிளாஸ்டிக்கில் எவ்வளவு டாலரன்ஸ் ஒப்புக்கொள்ளலாம்?

அளவில் 0.1 முதல் 0.2 சதவீதம், எவ்வளவு சின்ன பாகமானாலும் 0.05 மி.மீ.க்குக் குறையாமல். இதைவிட இறுக்கமாகக் கடைய முடியாது என்றில்லை. கடைந்த பிறகு அந்த அளவு நிற்பது உங்கள் கையில் இல்லை. நைலானில் ±0.01 போட்ட டிராயிங் வந்தால் போன் போட்டுப் பேசுங்கள். பெரும்பாலும் பழைய எஃகு டிராயிங்கில் பொருள் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

20 மி.மீ. ஷீட்டை 12 ஆக்கினால் வில் மாதிரி வளைகிறது.

எட்டையும் ஒரே பக்கம் எடுக்கிறீர்கள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பி, 13.5 வரை ரஃப் செய்து, வைஸிலிருந்து கழற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். வளைய வேண்டியது வளையட்டும். பிறகு அழுத்திப் பிடிக்காமல், வேக்யூம் பெட்டிலோ இரட்டைப்பக்க டேப்பிலோ வைத்து ஃபினிஷ் செய்யுங்கள். வைஸில் நெரித்துத் தட்டையாக்கிக் கடைந்தால் வைஸுக்குள் மட்டும்தான் தட்டை. லேத்தில் மூன்று ஜா சக்கு மெல்லிய புஷ்ஷை முக்கோணமாக்குவதும் இதே கதை. சாஃப்ட் ஜாவை (கடைந்து வடிவம் மாற்றக்கூடிய மென்மையான ஜாவை) முழு வட்டமாகப் போர் செய்து பிடியுங்கள்.

பாலிகார்பனேட் கார்டு (இயந்திரப் பாதுகாப்பு மறைப்பு) ஷிப் செய்யும்போது தெளிவாக இருந்தது. இரண்டு வாரத்தில் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு.

ஸ்க்ரூவில் த்ரெட் லாக்கர் போட்டார்களா என்று முதலில் கேளுங்கள். உலோக மரைக்கான அந்தப் பசை பாலிகார்பனேட், அக்ரிலிக், ஏபிஎஸ் மூன்றையும் வெடிக்க வைக்கும். அடுத்த சந்தேகம் கட்டிங் ஆயில். பாலிகார்பனேட்டுக்குக் காற்று போதும், இல்லையென்றால் வெறும் தண்ணீர். அக்ரிலிக்கைக் கடைந்த கையோடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தாலும் இதே மயிரிழைதான் வரும்.

திரவம் ஒரு பாதி, உள்ளழுத்தம் மறு பாதி. அதைக் கண்ணால் பார்க்கலாம்: எல்சிடி மானிட்டரில் வெள்ளைத் திரை வைத்து, முன்னால் பாகத்தைப் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பாருங்கள். கண்ணாடியைச் சாய்த்துத் திரை கறுக்கும் கோணத்தில் நிறுத்தினால், அழுத்தம் இருக்கும் துளைகளைச் சுற்றி வானவில் பட்டைகள் நெருக்கமாகத் தெரியும். அப்படிப்பட்ட பாகங்களை அனீல் செய்ய (சூடேற்றி மெதுவாக ஆறவைத்து அழுத்தத்தை நீக்க) வேண்டும். காஸ்ட் அக்ரிலிக்குக்கு 80 டிகிரி, தடிமன் மி.மீ.யை மூன்றால் வகுத்தால் வருவது மணிக்கணக்கு, ஆனால் இரண்டு மணிக்குக் குறையாமல். பாலிகார்பனேட்டுக்கு 120 முதல் 130. ஓவனை நிறுத்தி, கதவைத் திறக்காமல் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் எடுத்த அழுத்தத்தைத் திரும்ப ஏற்றுகிறீர்கள்.

அசிட்டாலில் எம்6 மரை, இரண்டு முறை கழற்றி மாட்டினாலே உருவிக்கொள்கிறது.

5.0-க்குப் பதில் 5.1 ட்ரில், கூர்மையான புது டேப், ஃபைன் பிட்ச் வேண்டவே வேண்டாம், மரை ஆழம் குறைந்தது 12 மி.மீ. பிளாஸ்டிக் வெட்டியதும் கொஞ்சம் திரும்பி மூடும், அதனால்தான் 0.1 கூடுதல். அடிக்கடி கழற்றும் இடமென்றால் இதெல்லாம் வீண் வேலை, முதலிலேயே ஸ்டெயின்லெஸ் ஹெலிகாயில் (துளைக்குள் பதிக்கும் கம்பிச் சுருள் மரை) போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

டெஃப்லான் கடையும்போது சிகரெட் பிடிக்கக் கூடாது என்கிறார்களே, கட்டுக்கதையா?

உண்மைதான். பொடி விரலில் ஒட்டி, விரலிலிருந்து சிகரெட்டில் ஒட்டி, அங்கே எரியும். அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். கை கழுவிவிட்டு வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள். அசிட்டால் சீவல் குவியலுக்குப் பக்கத்தில் வெல்டிங் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அது பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுடரே தெரியாது.