6 வோல்ட் செவ்ரோலெட்டை 12 ஆக்கலாமா?

கேள்வி: என் 1951 செவ்ரோலெட் ஸ்டைல்லைனைப் போன வருடம்தான் பெயின்ட் அடித்துப் புதுப்பித்தோம். அதிலிருந்து, சூடாக நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் முனகுகிறது. ஹெட்லைட்டும் மங்கல். 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் இன்றைக்கே வேண்டாம். “பெயின்ட் அடித்த பிறகு” என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அங்கேதான். பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் உலோகத்தோடு இணைக்கும் எர்த் பட்டையின் திம்பிளுக்கு (போல்ட் நுழையும் முனை வளையம்) அடியில் அழகாகப் பெயின்ட் பூசிவிடுவார்கள். போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், கரன்ட் போகாது.

6 வோல்ட்டில் இது ஏன் இவ்வளவு படுத்துகிறது? 45 வாட் பல்பு 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே முக்கால் வோல்ட் போச்சு, அதாவது எட்டில் ஒரு பங்கு. அதே வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் போதும். இழப்பு முப்பத்திரண்டில் ஒரு பங்குதான். 12 வோல்ட் கோளாறைச் சரிசெய்யாது, மறைக்கும்.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, கம்பத்திலேயே) மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை சுரண்டுங்கள். பேட்டரி கேபிளையும் பாருங்கள். இப்போதைய கார் கேபிள் 20, 25 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும். இந்த வண்டிக்கு 70 வேண்டும். செல்ஃபின் புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) தேய்ந்திருந்தாலும் சூட்டில் இதே முனகல் வரும்.

அதற்கும் மேல் ஏசி, நல்ல ஆடியோ என்று ஆசையிருந்தால் மாற்றுங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்குப் பதில் சிறிய ஆல்டர்னேட்டர் போதும். பெரியதைப் போட்டால் பழைய ஆம்மீட்டரும் அதன் வயரும் தாங்காது. உங்கள் ஃபேன் பெல்ட் அகலமானது, ஆல்டர்னேட்டர் புல்லி ஒடுக்கமானது. லேத் பட்டறையில் புல்லி கடையச் சொல்ல வேண்டியிருக்கும். பல்புகள் எல்லாம் மாற வேண்டும். இக்னிஷன் காயிலை 12 வோல்ட்டுக்கு உரியதாகப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட், கண்டன்சர் அப்படியே இருக்கட்டும். பெட்ரோல் மீட்டர், ஹீட்டர் மோட்டாருக்கு 12-ஐ 6 ஆகக் குறைக்கும் வோல்ட்டேஜ் ரெட்யூசர் போடுங்கள். வால்வு ரேடியோவை மட்டும் நேரடியாக இணைத்துவிடாதீர்கள், பாவம். டெம்பரேச்சர், ஆயில் மீட்டர்களில் மின்சாரமே கிடையாது, தொட வேண்டாம். பழைய செல்ஃப் 12 வோல்ட்டிலும் சுற்றும், ஆவேசமாகவே சுற்றும். சில விநாடிக்கு மேல் அழுத்தினால் கருகும்.

செவ்ரோலெட் நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ்தான் பாடியோடு சேரும்) என்பதால் உங்களுக்கு ஒரு தலைவலி குறைவு. அதே காலத்து ஃபோர்டு பாசிட்டிவ் எர்த். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டர் மாட்டினால் டயோடுகள் அந்த நிமிடமே போய்விடும்.

8 வோல்ட் பேட்டரி போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் 6 வோல்ட் ரெகுலேட்டர் அதை முழுதாகச் சார்ஜ் செய்யாது. ரெகுலேட்டரை ஏற்றிவைத்தால் பல்புகள் வரிசையாகப் போகும்.