உப்புக்காற்று ஊரில் கைவினை நகைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: சுத்தம் செய்யப் போய், இருந்ததையும் கெடுத்துக்கொண்டவர்கள். நகை எதனால் செய்தது, மேலே என்ன பூச்சு, உள்ளே என்ன பசை என்று தெரியாமல் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். பற்பசையைப் பல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் நுண்ணிய தூள் முலாமைச் சுரண்டிவிடும்.

வில்லியனூரில் வாங்கிய டெரகோட்டா ஜிமிக்கியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா? கழுவலாமா? (லாஸ்பேட்டை)

கழுவ வேண்டாம், முதலில் பாருங்கள். வண்ணம் பூசாத பின்பக்கத்தில் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். வெள்ளை கரைந்து மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் பொடிப்பொடியாகத் திரும்பி வந்தால் அது உப்பு. சுட்ட மண்ணில் நுண்துளைகள் அதிகம். களிமண்ணில் இருந்த உப்போ, வியர்வை உப்போ ஈரத்தோடு மேலே வந்து படிகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். பஞ்சுபோல நார்நாராக இருந்து, முகர்ந்தால் மக்கல் வாடை அடித்தால்தான் பூஞ்சை. வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில் ஆறவிடுங்கள். உச்சி வெயிலில் காயப்போட்டால் நிறம் மங்கும்.

இன்னொன்று. சரியாகச் சுட்ட மண்ணைச் சுண்டினால் கணீரென்று சத்தம் வரும், வேகாத மண்ணில் மொத்தென்று வரும். வேகாததைத் தண்ணீரில் போட்டால் கரையவே ஆரம்பித்துவிடும்.

ஆக்ஸிடைஸ்டு வெள்ளி ஆரத்தை அம்மா அலுமினிய ஃபாயில் விரித்து, ஆப்ப சோடாவும் வெந்நீரும் ஊற்றி ஊறவைத்துவிட்டார். பளபளவென்று புதுசாகிவிட்டது. வேலைப்பாடே தெரியவில்லை. பழையபடி ஆக்க முடியுமா? (கடலூர் ஓ.டி.)

முடியும், அம்மாவைத் திட்டாதீர்கள். சாதாரண வெள்ளிக் கொலுசுக்கு அவர் செய்தது நல்ல வைத்தியம். வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். சோடாத் தண்ணீரில் அலுமினியம் அந்தக் கந்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, வெள்ளி வெள்ளியாகவே மிஞ்சும். ஆனால் ஆக்ஸிடைஸ்டு நகையில் பத்தர் வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பும் கந்தகத்தால் வந்ததுதான். அழுக்கு எது, அழகு எது என்று சோடாவுக்குத் தெரியாது.

கறுப்பைத் திருப்ப ஒரு முட்டை போதும். நன்றாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் நசுக்கி, ஜிப் கவரில் போட்டு, ஆரத்தைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து உள்ளே இறக்கி மூடிவிடுங்கள். முட்டை ஆரத்தில் படக் கூடாது. ராத்திரி வைத்தால் காலையில் கறுத்திருக்கும். கழுவித் துடைத்து, மேடான இடங்களை மட்டும் மெல்லிய துணியால் தேய்த்துவிட்டால் பள்ளத்தில் கறுப்பு நின்று வேலைப்பாடு எழுந்து தெரியும். கல்லோ முத்தோ பதித்த ஆரமாக இருந்தால் இதெல்லாம் வேண்டாம், பத்தரிடமே கொடுத்துவிடுங்கள்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்கால் ஓரம் குடியிருக்கும் ஒருவர், தன் வெள்ளி மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று கேட்டிருந்தார். சாக்கடையில் அழுகிய முட்டை வாடை அடிக்கிறதே, அந்த வாயுவும் இதே வேலையைத்தான் செய்யும். காற்றுப் புகாத கவரில் வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு.

மகள் சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் ஆடினாள். கெம்புக் கல் வைத்த கோயில் நகை செட்டில் வியர்வையும் மேக்கப்பும் அப்பிக்கிடக்கிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போடலாமா? (சிதம்பரம்)

பூந்திக்கொட்டை கல் இல்லாத தங்கத்துக்குச் சரி. கெம்பு நகையைத் தண்ணீரில் போடவே கூடாது. கல்லுக்குப் பின்னால் மினுக்குத் தகடு இருக்கும், சிலவற்றில் அரக்கும் இருக்கும். தண்ணீர் உள்ளே போய்த் தகடு கறுத்துவிட்டால் கல்லின் சிவப்பு செத்துவிடும். அதை மேலிருந்து எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வராது. வெந்நீரில் அரக்கு இளகும். ஸ்பிரிட்டோ சென்டோ பட்டால் கரையும். மேக்கப் போக ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

அப்புறம் என்ன செய்வது? கழற்றிய அன்றே, தூக்கம் கண்ணைச் சொருகினாலும், உடம்பில் படும் பக்கத்தைப் பிழிந்தெடுத்த ஈரத் துணியால் ஒரு முறையும் காய்ந்த துணியால் ஒரு முறையும் துடையுங்கள். கல் பக்கத்துக்குக் காய்ந்த துணி மட்டும். ராக்கொடியின் உள்பக்கம் தலை எண்ணெய் ஏறியிருக்கும், அதைக் காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஃபேனில் ஆறவிட்டு, நெத்திச்சுட்டி, மாட்டல், வங்கி எல்லாவற்றையும் தனித்தனியாக மல் துணியில் சுற்றுங்கள். ஒரே டப்பாவில் கொட்டினால் ஒன்றின் கொக்கி இன்னொன்றின் முலாமைக் கீறும்.

பாட்டியின் பவளமாலை அசலா என்று பார்க்க எலுமிச்சைச் சாறு விடச் சொல்கிறார்கள். (நெல்லிக்குப்பம்)

விடாதீர்கள். பவளமும் முத்தும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டால் நுரைத்து அரிக்கும். சிப்பியிலோ சலவைக்கல்லிலோ சாயமேற்றிய போலியும் அதே மாதிரி நுரைக்கும். உங்களுக்குத் தழும்புதான் மிஞ்சும், விடை கிடைக்காது. பவுடர், சென்ட் எல்லாம் முடிந்தபின் கடைசியாக மாலையைப் போடுங்கள், கழற்றியதும் மெல்லிய துணியால் துடையுங்கள். மணிகளுக்கு இடையே நூல் தெரிய ஆரம்பித்தால் மாற்றிக் கோத்துவிடுங்கள்.

கண்ணாடி மணி மாலைக்கு என்ன பராமரிப்பு? (அரியாங்குப்பம்)

பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டுக்குப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி! 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். சுமார் இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்த மணிகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இன்னும் நிறத்தோடு இருக்கின்றன. மணிக்கு ஒன்றும் ஆகாது, நூலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பு வளையல் போட்டால் கை பச்சையாகிறது. (முத்தியால்பேட்டை)

வியர்வையோடு செம்பு சேர்வதால் வருவது, சோப்புப் போட்டால் போய்விடும். வளையலைப் புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, உடனே துடையுங்கள். மேலே வார்னிஷ் அடித்திருந்தால் புளி வேண்டாம், திட்டுத்திட்டாகும். பச்சைக்குப் பதில் அரிப்பும் தடிப்பும் வந்தால் பெரும்பாலும் நிக்கல் காரணமாக இருக்கும். அந்த நகையைக் கழற்றிவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.

பட்டு நூல் வளையல், ரெசின் தோடு? (பண்ருட்டி)

நூல் வளையலைத் துவைக்க முடியாது, பசை விட்டுவிடும். மேக்கப் பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். ரெசின் வெயிலில் மஞ்சளிக்கும். வண்டி டிக்கியில் மறந்து வைத்துவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாவற்றையும் எப்படி வைப்பது? (பலர்)

மூடி இறுகும் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பை. நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்கினால் எப்போது மாற்றுவது என்று அதுவே காட்டிவிடும். முத்துமாலையை மட்டும் அந்த டப்பாவில் சேர்க்க வேண்டாம். முத்துக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், ரொம்பக் காய்ந்தால் விரிசல் விடும். பருத்தித் துணியில் சுற்றி, தொங்கவிடாமல் படுக்கவைத்து, துணி அலமாரியிலேயே வையுங்கள்.