இராணுவப் பொறியாளராக இருந்த ஒருவர் ஆளுநர் பதவிக்குப் பொருத்தமானவராக இருப்பாரா?

பதவி கேட்கும் வேலையைப் பொறுத்தது என்பேன்; அதற்கு அமெரிக்காவின் ஐசக் ஸ்டீவன்ஸே போதிய சான்று. 1839-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தில் முதலிடம் பெற்றுத் தேறிப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, மெக்சிகோ போரில் படுகாயமடைந்து, பின்னர் கடற்கரை அளவைத் துறையின் அலுவலகத்தை நிர்வகித்த அவரை, 1853-இல் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் பியர்ஸ் வாஷிங்டன் பிரதேசத்தின் முதல் ஆளுநராக நியமித்தார். (தலைநகரைச் சொல்லவில்லை; நாட்டின் வடமேற்கு மூலையில் அப்போது புதிதாக அமைக்கப்பட்ட நிலப்பகுதி இது.) பூர்வகுடிகள் விவகாரக் கண்காணிப்பாளர் பொறுப்பும், பசிபிக் கரைக்கான வடக்கு ரயில் பாதையை ஆராயும் பணியும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டன.

பாதை ஆய்வில் குறை சொல்ல அதிகமில்லை. ஜூன் மாதம் மின்னசோட்டாவிலிருந்து புறப்பட்டு, ராக்கி மலைகளைக் கடந்து, நவம்பரில் தம் பிரதேசத்தின் ஒலிம்பியா நகரை அடைந்தார். ஆனால் மலைக்கும் ஆற்றுக்கும் உதவிய அதே அவசரத்தை மனிதர்களிடமும் காட்டினார். 1854 டிசம்பரில் மெடிசின் கிரீக்கில் தொடங்கி ஓராண்டுக்குள், ஒப்பந்தத்துக்குப் பின் ஒப்பந்தமாகப் பூர்வகுடிகளின் பரந்த நிலங்களை அரசுக்கு எழுதி வாங்கினார். பிரதேசத்தின் மேற்கே உள்ள பியூஜெட் சவுண்ட் கடற்கழிக் கரையில் நடந்த பேச்சுகளோ, சில நூறு சொற்களே கொண்ட சினூக் வணிகக் கலப்புமொழியில் நடந்தன. உட்பகுதியில் வாலா வாலா என்னுமிடத்தில் செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்குச் செனட் 1859-இல்தான் ஒப்புதல் தந்தது. ஆனால் அந்த நிலங்களில் குடியேறலாம் என்ற அறிவிப்பு 1855-லேயே வெளியாகிவிட்டது, அந்த ஆண்டே போரும் மூண்டது.

1856-இல் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்த அவர், அதை மீறி நீதிமன்றத்தைக் கூட்டிய தலைமை நீதிபதி எட்வர்ட் லேண்டரையே கைது செய்யவைத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, அத்தண்டனையை நிறுத்திவைக்கும் ஆணையை ஆளுநர் என்ற முறையில் தமக்குத் தாமே எழுதிக்கொண்டார்! குடியரசுத் தலைவர் கண்டித்தார். குடியேறிகளோ 1857-இல் அவரையே தங்கள் பிரதிநிதியாகக் காங்கிரசுக்கு அனுப்பினர். பிறகு உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 1 அன்று, சாண்டிலியில் படைக்கொடியை ஏந்தி முன்னேறும்போது குண்டடிபட்டு இறந்தார்.

அவர் செய்த ஒப்பந்தங்களில் ஒரு பிரிவை மட்டும் தனியே சொல்ல வேண்டும். வழக்கமாக மீன்பிடித்த இடங்களில் குடியேறிகளோடு சேர்ந்து தொடர்ந்து மீன்பிடிக்கும் உரிமையை அது பூர்வகுடிகளுக்கு உறுதி செய்திருந்தது. பிடிக்கத்தக்க மீன்களில் பாதிவரை அவர்களுக்கு உரியது என்று 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் அதன் அடிப்படையிலேயே தீர்ப்பளித்தார். 1979-இல் உச்ச நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது.