டெக்சாஸ் பள்ளியில் எதையும் எழுதிக் கேளுங்கள்

தம்பி, ஆகஸ்டில் குடும்பத்தோடு ஹூஸ்டன் வருகிறீர்கள், ஆறு வயது மகன் இன்னும் சரியாகப் பேசவில்லை, அரசுப் பள்ளியில் ஸ்பீச் தெரபி தருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, கார், குக்கர் எடுத்துவரலாமா என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள். நான் பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தருவார்கள், இலவசமாகவே. ஆனால் எழுதிக் கேட்க வேண்டும். பள்ளி வாசலில் டீச்சரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் அது காற்றோடு போய்விடும். சிறப்புக் கல்விக்காக மகனை மதிப்பீடு செய்யச் சொல்லி, தலைமையாசிரியருக்கும் பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) சிறப்புக் கல்வி இயக்குநருக்கும் தேதியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். 15 பள்ளி நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டபின் 45 பள்ளி நாட்களில் அறிக்கை வர வேண்டும். சென்னையில் எடுத்த அறிக்கைகளையும் கொண்டுவாருங்கள்.

"புது நாடு, புது மொழி, கொஞ்ச நாள் பார்ப்போமே" என்பார்கள் பள்ளியில். தலையாட்டிவிடாதீர்கள். என் மகனுக்கும் இதே பிரச்சினைதான். 2012இல் வந்த நான் அப்படித் தலையாட்டி ஒன்றரை வருடத்தை இழந்தேன். படித்தவர்கள் சொல்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2004இலிருந்தே மாநிலம் ஒரு அளவுகோல் வைத்திருந்ததாம். அப்போது நாடு முழுவதும் சராசரி 13 சதவீதம்! அன்று அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். 2017இல் சட்டம் போட்டு அந்த அளவுகோலை ஒழித்தார்கள். ஆனால் பணப் பற்றாக்குறை ஒழியவில்லை. 1975இல் நாடு முழுமைக்கும் சிறப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தபோது, அதன் கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்றார்கள். இப்போது வருவது அதில் பாதிகூட இல்லை. மிச்சம் மாநிலத்தின் தலையிலும் பள்ளி மாவட்டத்தின் தலையிலும் விழுகிறது. ஒரே தெரபிஸ்ட் பல பள்ளிகளுக்கு ஓடுகிறார். ஆனால் பணம் இல்லை என்று யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். "அவனுக்குத் தேவைப்படாது" என்றுதான் சொல்வார்கள்.

அதனால் ஏ.ஆர்.டி. கூட்டத்தில் (பெற்றோரும் பள்ளியும் உட்கார்ந்து பிள்ளைக்கு என்ன உதவி என்று முடிவு செய்யும் கூட்டம்) வாரத்துக்கு எத்தனை நிமிடம் தெரபி என்பதை ஐ.இ.பி.யில், அதாவது பிள்ளைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டத்தில், எழுத வையுங்கள். சட்டமொழி புரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

நம் ஆட்களிடம் கவனமாக இருங்கள். பள்ளியில் பதிவானால் கிரீன் கார்டு போய்விடும் என்று ஒருவர் என்னைப் பயமுறுத்தினார். அது தவறு, அரசு உதவியை நம்பி வாழ்பவரா என்று கிரீன் கார்டுக்குப் பார்ப்பார்கள், பள்ளியில் தரும் சிறப்புக் கல்வி அந்தக் கணக்கில் வராது. சொந்தப் பிள்ளையின் ஐ.இ.பி.யை ஊருக்குத் தெரியாமல் மறைத்தவர்களையும் தெரியும். அவர்களில் ஒருவராவது வாய்திறந்திருந்தால் என் ஒன்றரை வருடம் மிஞ்சியிருக்கும்.

அப்புறம், வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். நான் அப்படிச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு ஆறு மாதம் நிறுத்திவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி ஆரம்பித்தேன். ஏழரை வயதில் ஒருநாள் காரின் பின்சீட்டிலிருந்து, "அம்மா, மழை வருது" என்றான் என் மகன். அவன் சேர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நெடுஞ்சாலை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.