அரப்பைமா: கேள்வி பதில்

வேலூர் வட்டாரத்தில் தொட்டி மீன் வளர்ப்பவர்கள், தென் அமெரிக்க மீனான அரப்பைமா பற்றி அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சத்துவாச்சாரி வாசகர்: கரண்ட் போனால் ஏர் பம்ப் நின்றுவிடுகிறது. அரப்பைமா செத்துவிடுமா சார்?

சாகாது. அதற்குச் செவுள் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் காற்றுப்பைதான் நுரையீரல் வேலையைச் செய்கிறது. நம்ம விரால் மாதிரியே மேலே வந்து காற்றை விழுங்கும். பெரிய மீன் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அப்படி ஒரு 'பளக்'. ராத்திரியில் அடுத்த அறைக்கே கேட்கும். அதனால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சாண் காற்று இருக்கட்டும். துள்ளும் மீன், மூடி கனமாக இருக்கட்டும்.

இந்த மூச்சுதான் அமேசானில் அதற்கு எமனாக இருந்தது. மேலே வரும் இடம் பார்த்து எறியீட்டி வீசிவிடுவார்கள். பிரேசிலின் மமிராவா பகுதியில் 1999 முதல் அதே மூச்சு அதைக் காப்பாற்றுகிறது. அனுபவப்பட்ட மீனவர்கள் படகில் உட்கார்ந்து, 20 நிமிடத்துக்குள் மூச்சு வாங்க மேலே வரும் மீன்களை எண்ணுகிறார்கள். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பெரியது, ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருந்தால் சிறியது. பெரியவற்றில் அதிகபட்சம் 30 சதவீதம்தான் பிடிக்கலாம். வலையே போடாமல் ஓர் ஏரியின் கணக்கு கிடைத்துவிடுகிறது!

குடியாத்தம்: மூன்றடித் தொட்டி போதுமா?

போதாது. ஒரே வருடத்தில் 10 கிலோ வரை ஏறக்கூடிய மீன். முழு வளர்ச்சியில் மூன்று மீட்டர் வரை போகும்.

ஆற்காடு: நாலடித் தொட்டி?

மேலே சொன்னதுதான்.

ராணிப்பேட்டை: தொட்டி கொள்ளவில்லை அண்ணே. காவேரிப்பாக்கம் ஏரியில் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது தம்பி. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அரப்பைமா வலையில் சிக்கியது. வளர்த்த இடத்திலிருந்து தப்பி வந்த மீன் அது. பெரிய தொட்டியோ குளமோ வைத்திருப்பவரிடம் கொடுங்கள். சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள மீன் என்பதால் வனவிலங்குப் பாதுகாப்பு 2022 திருத்தச் சட்டப்படி பதிவும் வேண்டும். கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

வாணியம்பாடி: ஏன் சார் கூடாது? ஏரியெல்லாம் ஜிலேபி மீன் (திலாப்பியா). அரப்பைமா அதைத் தின்றால் நல்லதுதானே?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். ஜிலேபியே 1952இல் இப்படி நல்லதுக்கென்று கொண்டுவந்த மீன்தான். அப்புறம் ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தது. தடை போட்டும் இன்றுவரை ஒழியவில்லை. அரப்பைமா ஜிலேபியை மட்டும் பொறுக்கித் தின்னாது. வாய்க்குள் போகிற கெண்டை, குரவை, விரால் குஞ்சு எல்லாம் போகும். விரால் கூட்டமாகக் குஞ்சு மேய்ப்பதைப் பார்த்தவர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

வாணியம்பாடி, மறுபடியும்: கோடையில் ஏரி வற்றினால் அதுவும் செத்துவிடுமே?

வற்றுகிற வருடம் சாகலாம், நிரம்புகிற வருடம் என்ன செய்வீர்கள்? 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதையும், ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்ததையும் எல்லாரும் பார்த்தோம். நம் ஏரிகள் சங்கிலியாகக் கோத்தவை. ஒன்றில் விட்டது அடுத்ததற்குப் போகும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மற்ற மீன் செத்து மிதக்கும்போதும் இது மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். தயவுசெய்து விடாதீர்கள்.

காட்பாடி: உயிரோடு கோல்ட் ஃபிஷ் போடலாமா?

வேண்டாம், நோய் வரும். சுத்தம் செய்த சின்ன மீன் போடுங்கள்.

திருப்பத்தூர்: ஐந்தடித் தொட்டி...

மூன்றாவது முறை: கூடாது. சிமெண்ட் குளம் இருக்கிறதா, நீளம் அகலம் எவ்வளவு என்று எழுதுங்கள், பேசலாம்.