“மெட்டா அனாலிசிஸ் தெரியுமா?” என்று கேட்டால் அறிவை அளந்ததாகுமா?

கேள்வி: நான் கோண்டாவிலைச் சேர்ந்தவள், பேராதனையில் பல்மருத்துவம் படிக்கிறேன். சான்றுசார் சிகிச்சை பற்றி எங்கள் மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று ஓர் ஆய்வு செய்ய இருக்கிறேன். 20 கேள்விகளோடு வினாக்கொத்து ஒன்று தயாரித்தேன். “கொக்ரேன் நூலகம் பற்றி அறிவீர்களா?”, “மெட்டா அனாலிசிஸ் என்றால் என்னவென்று தெரியுமா?” என்ற மாதிரியான கேள்விகள். (கொக்ரேன் நூலகம் என்பது சிகிச்சை ஆய்வுகளின் திறனாய்வுகளைத் திரட்டி வைக்கும் இணையத் தொகுப்பு; மெட்டா அனாலிசிஸ் என்பது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறை.) ‘நன்றாகத் தெரியும்’ என்பதிலிருந்து ‘தெரியவே தெரியாது’ வரை ஐந்து விடைகள். மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, “இது எதை அளக்குது?” என்று மட்டும் கேட்டார். எதை மாற்ற வேண்டும்? எத்தனை பேரிடம் கொடுக்க வேண்டும்?

பதில்: தங்கச்சி, உங்கள் மேற்பார்வையாளர் கேட்டது சரியான கேள்வி. உங்கள் தாள் மாணவர்களின் தன்னம்பிக்கையைத்தான் அளக்கிறது. அதையும் அளக்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு ‘அறிவு’ என்று பெயர் வைத்தால் ஆய்வு அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடும். பிட்டு அவிக்கத் தெரியுமா என்று விடுதியில் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் தெரியும் என்பார்கள். மாவையும் நீத்துப்பெட்டியையும் கையில் கொடுத்த பிறகுதான் உண்மை வெளியே வரும்.

முதலில் எதை அளக்கப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சான்றுசார் சிகிச்சைக்கு, வைத்தியர் டேவிட் சாக்கெற்றும் கூட்டாளிகளும் 1996இல் கொடுத்த விளக்கம் இன்றைக்கும் போதும்: கிடைக்கிற ஆய்வுச் சான்றில் சிறந்தது, வைத்தியரின் அனுபவம், நோயாளியின் விருப்பம், இந்த மூன்றையும் சேர்த்து முடிவெடுப்பது. செய்முறையாகச் சொன்னால் ஐந்து படிகள்: கேள்வியை ஒழுங்காகக் கேட்பது, சான்றைத் தேடுவது, அதன் தரத்தை எடைபோடுவது, இந்த நோயாளிக்குப் பொருத்துவது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. உங்கள் 20 கேள்விகளையும் இந்த ஐந்துக்குள் பிரித்துப் போட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியனுப்பிய இரண்டும் தேடுவதிலும் எடைபோடுவதிலும்தான் விழுகின்றன. மற்றவையும் அப்படியே இருந்தால் முதலாம், நாலாம், ஐந்தாம் படிகள் வெறுமையாக நிற்கும். கிளினிக்கில் பிள்ளைகள் தடுமாறுவதோ முதலாம், நாலாம் படிகளில்தான்.

ஆகவே “தெரியுமா” கேள்விகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கதிரையில் இருக்கும் நோயாளியிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாதிரி சொல்கிறேன். சாவகச்சேரியிலிருந்து வந்த 38 வயது மனிதர், வேறு நோய் எதுவும் இல்லை. இரவில் நித்திரை கொள்ள விடாத பல்வலி. வீக்கமோ காய்ச்சலோ இல்லை. பரிசோதித்தால் மீளமுடியாத பற்கூழ் அழற்சி, அதாவது பல்லின் உள்ளே நரம்பிருக்கும் பகுதி இனிக் குணமாகாத அளவுக்கு அழற்சியடைந்திருக்கிறது. வேர்ச் சிகிச்சைக்கு அடுத்த கிழமைதான் வர முடியும் என்கிறார். “அதுவரைக்கும் ஒரு அன்ரிபயோட்டிக் தாங்கோ டொக்டர், போனமுறை அதைக் குடிச்சுத்தான் சுகம் வந்தது” என்று கேட்கிறார்.

இந்த ஒரு கதையிலிருந்தே நாலு கேள்வி எடுக்கலாம். முதலாவது, இதை ‘பிக்கோ’ வடிவத்தில் ஒரு கேள்வியாக எழுதச் சொல்லுங்கள்: யார், எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு. இரண்டாவது, இதற்கு விடை தரக்கூடிய ஆய்வு வகை எது, ஏன். மூன்றாவதுதான் சுவையானது. இதே விஷயத்துக்குக் கொக்ரேன் திறனாய்வு ஒன்று இருக்கிறது. அவர்கள் தேடிக் கண்டுபிடித்த தகுதியான சோதனை ஒன்றே ஒன்று, அதில் 40 பேர். பாதிப் பேருக்குப் பென்சிலின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத குளிசை, வலிநிவாரணி எல்லோருக்கும். வலியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. இந்தச் சுருக்கத்தைத் தாளில் கொடுத்துவிட்டு, “பென்சிலின் பயனற்றது என்று நிரூபணமாகிவிட்டது”, “பயன் உண்டு என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை, ஆனால் ஆய்வு சிறியது, உறுதி குறைவு” என்ற இரண்டு முடிவுகளையும் இன்னும் இரண்டு தவறான முடிவுகளோடு சேர்த்து வையுங்கள். முதலாவதைத் தெரிவு செய்கிற பிள்ளைக்கு மெட்டா அனாலிசிஸுக்கு வரைவிலக்கணம் பாடமாக இருக்கலாம். ஆனால் எடைபோடத் தெரியாது. உங்கள் ஆய்வு பிடிக்க வேண்டியது இந்த இடைவெளியை.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக இன்னொரு முடிச்சும் போடலாம். சான்று இவ்வளவு சிறியதாக இருந்தும், அமெரிக்கப் பல்வைத்தியச் சங்கத்தின் 2019 வழிகாட்டி, நோயெதிர்ப்புக் குறைபாடில்லாத பெரியவர்களுக்கு இந்த நிலையில் அன்ரிபயோட்டிக் வேண்டாம் என்கிறது. ஏன்? பக்கவிளைவையும் மருந்தெதிர்ப்புக் கிருமிகளையும் மறு தட்டில் வைத்துப் பார்த்ததால். இதை விளக்கத் தெரிந்தவருக்குத் தனிப் புள்ளி கொடுக்கலாம்.

நாலாவது கேள்வி: அந்த மனிதரிடம் நீங்கள் சொல்லப் போவதை மூன்று நாலு வரியில் எழுதுங்கள். வினாக்கொத்து ஆங்கிலத்தில் இருக்கட்டும், விரிவுரைகளும் ஆங்கிலத்தில்தானே. இந்த விடையை மட்டும் தமிழிலோ சிங்களத்திலோ, நோயாளியோடு கதைக்கிற மொழியில் எழுத விடுங்கள். புள்ளியிடும்போது பாருங்கள்: போனமுறை சுகம் வந்தது என்ற அவருடைய அனுபவத்துக்குப் பதில் இருக்கிறதா, வலிநிவாரணி பற்றிச் சொல்லியிருக்கிறாரா, வீக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே வரச் சொன்னாரா. “வழிகாட்டியில் இல்லை, தர முடியாது” என்று ஒரு வரியில் முடிக்கிறவருக்கு நான் பாதிப் புள்ளிகூடக் கொடுக்க மாட்டேன்.

பொருத்திப் பார்ப்பதைச் சோதிக்க எங்கள் பக்கத்துக்கு உகந்த இன்னொரு விஷயம் வாய்ப்புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் அது. திருவனந்தபுரத்தில் மக்களை 13 கொத்துகளாக, அதாவது ஊர்ப் பகுதிகளாகப் பிரித்துச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2005இல் வந்தது. வாயைக் கண்ணால் பார்த்துப் பரிசோதிப்பதால் புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே இறப்புக் குறைந்தது. வெற்றிலை போடும் பருத்தித்துறைக் கடற்றொழிலாளர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்று கேளுங்கள். ஒற்றைச் சரியான விடை கிடையாது. நியாயத்துக்குத்தான் புள்ளி.

வெளிநாட்டில் தயாரான தாளை எடுக்கலாமா என்று அடுத்ததாக நினைப்பீர்கள். எடுக்கலாம், உரிமையாளரிடம் அனுமதி கேட்டு. பெர்லின் வினாக்கொத்து (2002) 15 பல்தேர்வுக் கேள்விகள் கொண்டது, திருத்துவது சுலபம். ஆனால் எண் கணக்குப் பக்கம் சாய்வு அதிகம். ஃப்ரெஸ்னோ சோதனை (2003) நோயாளிக் கதையிலிருந்து சிறுவிடை எழுத வைக்கிறது. நான் மேலே சொன்னதன் மூதாதை அதுதான். அதைத் திருத்த இரண்டு பேர் வேண்டும், இருவரின் புள்ளிகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றும் காட்ட வேண்டும். பல்மருத்துவ மாணவர்களுக்கென்றே 2011இல் வந்தது ‘கேஸ்’ (KACE) என்ற வினாக்கொத்து. அறிவு, மனப்பாங்கு, சான்றை அணுகும் பழக்கம், தன்னம்பிக்கை என்று நாலு பகுதி. உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: ‘கேஸ்’ போல நாலையும் பிரித்து வையுங்கள், அறிவுப் பகுதிக்குள் மேலே சொன்ன மாதிரி இரண்டு கதைகளைப் போடுங்கள். தயாரித்து வைத்த 20 கேள்விகளையும் வீசத் தேவையில்லை, தன்னம்பிக்கைப் பகுதிக்கு நன்றாகப் பொருந்தும். ஒரே மாணவரின் தன்னம்பிக்கையையும் அறிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதுவே உங்கள் ஆய்வின் மிகச் சுவையான அட்டவணையாகிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். ‘சரியா, பிழையா’ என்று மட்டும் கேட்கும் கேள்விகளைத் தவிருங்கள், 20 கேள்விக்கு 10 கண்ணை மூடிக்கொண்டே வந்துவிடும். நாலு தேர்வு என்றால் 5. ‘தெரியாது’ என்றொரு தேர்வும் வையுங்கள். முதலில் சிலரிடம் பரீட்சித்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ வேறு எங்கேயோ வேலைசெய்யும் உங்கள் சீனியர்கள் அதற்கு உதவுவார்கள், அவர்கள் பிரதான மாதிரிக்குள் வரமாட்டார்கள் என்பதால் சிக்கலும் இல்லை. ஏறத்தாழ எல்லோருமே சரியாகச் செய்கிற கேள்வியும், எவருமே செய்யாத கேள்வியும் ஆட்களைப் பிரித்துக் காட்டாது. அவற்றை மாற்றுங்கள்.

எத்தனை பேர் என்பதற்கு 384 என்று எழுதிவிடாதீர்கள். அது மிகப் பெரிய சனத்தொகைக்கு, 5 வீதப் பிழையோடு வரும் எண். ஒரு வகுப்பில் 80 பேர் என்றால் சிறிய கூட்டத்துக்கு ஏற்ப எண்ணைக் குறைக்கும் திருத்தக் காரணியைப் போட்டால் 67 வரும். 13 பேரை விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? எல்லோரிடமும் கொடுங்கள். இறுதியாண்டுக்காரர் மூன்றாம் ஆண்டுக்காரரை விடக் கூடுதல் புள்ளி எடுத்தால், பாடத்திட்டம்தான் காரணம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். அவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒரே ஆட்களின் வளர்ச்சியை நீங்கள் பார்க்கவில்லை.

கூகுள் ஃபோர்மில் அனுப்புவதை நான் விரும்பமாட்டேன். மற்றப் பக்கத்தில் சற்ஜிபிடி திறந்திருக்கும், அதன் அறிவைத்தான் அளந்து முடிப்பீர்கள். விரிவுரை மண்டபத்தில், தாளில், 40 நிமிடம் போதும். பரீட்சைக் கிழமைக்குக் கிட்டப் போகாதீர்கள். தேடும் திறனுக்கு மட்டும் தனியாக, கணினி அறையில் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தேடுதளத்தைத் திறந்து ஒரு தேடலைச் செய்து காட்டச் சொல்லலாம். நேரமில்லாவிட்டால் அதை விட்டுவிட்டு, குறைபாடுகள் பகுதியில் எழுதிவிடுங்கள்.

பெறுபேற்றை ‘நல்லது, நடுத்தரம், குறைவு’ என்று வெட்டாதீர்கள், 60 வீதத்தில் ஏன் வெட்டினீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. ஐந்து படிகளுக்கும் தனித்தனியாகப் புள்ளியைக் காட்டினால் பாடத்தை மாற்றுகிறவர்களுக்கு உதவும். தாளில் பெயரோ சுட்டெண்ணோ வேண்டாம். விரிவுரையாளர் கையால் விநியோகிக்கவும் வேண்டாம், மறுக்க நினைக்கிற பிள்ளை மறுக்க முடியாமல் போகும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே, சீனியர்களிடம் பரீட்சித்துப் பார்ப்பது உட்பட, வேலையைத் தொடங்குங்கள்.